நூறு காரணியத்தின் வாலில் எத்தனை பூச்சியம்?

பள்ளிக்காலக் கணக்குக் கொப்பிகளை இப்போது விரித்தாலும் மனம் தங்கி நிற்கும் ஒரு கேள்வி உண்டு: 100! இன் கடைசியில் எத்தனை பூச்சியங்கள்? 100! என்பது நூறு காரணியம், அதாவது 1 முதல் 100 வரையுள்ள எல்லா முழு எண்களையும் பெருக்கி வருவது. பெருக்கினால் 158 இலக்கங்கள் வரும். ஆனால் ஒரு பெருக்கல்கூடச் செய்யாமல் விடை சொல்லலாம். நம் வயதுக்கு அது எவ்வளவு பெரிய அதிசயம்!

கடைசியில் ஒரு பூச்சியம் வர, உள்ளே ஒரு 2உம் ஒரு 5உம் சோடி சேர வேண்டும். காரணியத்துக்குள் 2 கொட்டிக் கிடக்கும், தட்டுப்பாடு 5க்குத்தான். அதனால் 5களை எண்ணினால் போதும். 100க்குள் 5இன் மடங்குகள் 20. பலர் இந்த இடத்தில் பேனையை வைத்துவிடுவார்கள். 25, 50, 75, 100 ஆகிய நான்கும் தமக்குள் இரண்டிரண்டு 5 வைத்திருப்பவை. நாம் எண்ணியதோ ஒவ்வொன்றை. விடுபட்ட 4ஐயும் சேர்த்தால் 24. 10, 20, 30 என்று பத்துகளைப் பார்த்து எண்ணி 11 என்பவர்கள், 15ஐ 4 சந்தித்தாலும் பூச்சியம் பிறக்கும் என்பதை மறந்தவர்கள்.

செய்முறை இவ்வளவுதான்: எண்ணை 5ஆல் வகு, மீதியை விடு, ஈவை மறுபடி 5ஆல் வகு, ஈவு 0 ஆகும்வரை போ, ஈவுகளைக் கூட்டு. 1000க்கு 200, 40, 8, 1, மொத்தம் 249. மட்டந்தட்டவே கூடாது. 8ஐ 5ஆல் வகுத்தால் 1.6, அதை 2 ஆக்கினால் விடை 250 ஆகிப் பிழையாகிவிடும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாண்டரின் பெயரால் வழங்கும் சூத்திரம் இதுவே. ஆச்சரியக்குறியைக் காரணியத்துக்குக் கொடுத்தவர் கிறிஸ்டியன் கிராம்ப், 1808இல்.

எனக்கு மிகப் பிடித்த இடம் 24க்கும் 25க்கும் நடுவே இருக்கிறது.

24! = 620448401733239439360000
25! = 15511210043330985984000000

4 பூச்சியத்திலிருந்து ஒரே தாவலில் 6. சரியாக 5 பூச்சியத்தோடு முடியும் காரணியம் உலகத்தில் இல்லை! 11உம் இல்லை. 124! இல் 28, 125! இல் 31, நடுவே 29, 30 இரண்டும் காணாமல் போகின்றன. கேள்வியைத் திருப்பிக் கேட்டால், அதாவது 100 பூச்சியம் வரும் மிகச் சிறிய எண் எது என்றால், பூச்சியங்கள் எண்ணில் ஏறத்தாழக் காற்பங்குதான் என்பதால் (100க்கு 24, 1000க்கு 249), நாலு மடங்கான 400இலிருந்து தேடத் தொடங்குங்கள். 400! இல் 99தான் இருக்கும். அடுத்த 5இன் மடங்கு 405 இல் 100 நிறைகிறது.

விரிதாளில் 25! போட்டுச் சரிபார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. அது 15 இலக்கம்வரைதான் காட்டும். மிச்ச இடங்களைப் பூச்சியத்தால் நிரப்பிவிடும். 15511210043331 என்று எழுதி, பின்னால் 12 பூச்சியங்கள் நிற்கும். அவற்றில் பாதி பொய்.

“5ஆல் வகு” என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் 1 × 3 × 5 × … × 99 என்ற பெருக்கத்தில் அகப்படுவார்கள். அதில் 5 நிறைய உண்டு, 2 ஒன்றுகூட இல்லை. ஆகவே பூச்சியமும் இல்லை. எது குறைவு என்று பார்ப்பதுதான் கணக்கு. அடி 12இல், அதாவது பத்துப் பத்தாக அல்லாமல் பன்னிரண்டு பன்னிரண்டாக இடமதிப்பு ஏறும் முறையில், எழுதும்போது இது இன்னும் கூர்மையாகத் தெரியும், ஏனென்றால் 12 = 2 × 2 × 3, ஒரு பூச்சியத்துக்கு இரண்டு 2உம் ஒரு 3உம் வேண்டும். 8! இல் ஏழு 2, இரண்டு 3. தட்டுப்பாடு 3க்கு, பூச்சியம் 2. 9! இல் 3கள் நான்காகிவிடும், 2கள் ஏழாகவே நிற்கும். இப்போது தட்டுப்பாடு 2க்கு. ஏழில் மூன்று சோடிதான் தேறும். 362880ஐ அடி 12இல் எழுதிப் பாருங்கள்: 156000.