மாமல்லபுரத்தில் ஒரு மாடி வீடு

போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போயிருந்தேன், சுற்றிப் பார்க்க அல்ல, மாமா வீட்டுக்கு. பூஞ்சேரி கூட்டுரோட்டிலேயே வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிட்டன. அங்கிருந்து ஊருக்குள் போய்ச் சேர முக்கால் மணி நேரம். நடந்திருந்தால் சீக்கிரம் போயிருப்பேன்.

மாமாவுடையது இரண்டு அறை உள்ள மெத்தை வீடு. மகனுக்குக் கல்யாணம் பேசியபோது மேலே ஒரு மாடி எடுக்கலாம் என்று பிளான் எல்லாம் போட்டு வைத்திருந்தார். அளந்து பார்த்தால் தொல்லியல் துறை பாதுகாக்கும் பக்கத்துப் பழைய மண்டபத்திலிருந்து 100 மீட்டருக்குள் வருகிறது வீடு. அத்தோடு சரி, பேச்சு நின்றுவிட்டது. பழுது பார்க்கலாம், அதற்கும் அனுமதி வேண்டும். புதிதாகக் கட்ட முடியாது.

தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் 2010இல் வந்த திருத்தம் இது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதைத் தாண்டி இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். தஞ்சாவூர் பெரிய கோயில் மாதிரி எல்லாம் ஒரே மதிலுக்குள் இருந்தால் ஒரு கோடு போட்டு முடித்துவிடலாம். இங்கே கிழக்கே கடற்கரைக் கோயில், தெற்கே ஐந்து ரதம், நடுவில் குன்று முழுக்கக் குகை மண்டபங்கள், அர்ச்சுனன் தபசோ பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே. ஒவ்வொன்றையும் சுற்றி எல்லை குறித்தால், எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பழைய தெருக்களில் எத்தனையோ வீடுகள் உள்ளே மாட்டிக்கொள்கின்றன.

இந்தச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அது இல்லாவிட்டால் கடற்கரைக் கோயிலை ஒட்டி ஐந்து மாடி லாட்ஜ் எப்போதோ வந்திருக்கும். தவிர, இந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. 2004 சுனாமிக்குப் பிறகுதானே பக்கத்தில் இருக்கும் சாளுவன்குப்பத்தில் தோண்டி ஒரு முருகன் கோயிலையே கண்டுபிடித்தார்கள்? பல்லவர் காலக் கற்கோயில், அதற்கும் அடியில் இன்னும் பழைய செங்கல் கோயில். மாமாவும் இதைத்தான் சொல்கிறார்: "கோயில் நல்லா இருக்கணும்பா, அதுல ரெண்டு பேச்சே இல்ல. ஆனா எங்க புள்ளைங்க எங்க போவாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. எல்லைக்கு வெளியே, கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக மனைப் பிரிவுகளும் வில்லாக்களுமாக வளர்கிறது. வாங்குகிறவர்களில் பலர் மாதத்தில் இரண்டு நாள் வந்து தங்குகிறவர்கள். ஊருக்குள்ளே தெருவை ஒட்டிய வீடுகள் ஒவ்வொன்றாக ஹோம்ஸ்டே ஆகின்றன. குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிட ஒரு வார இறுதிக்கு விட்டால் கூடுதல் காசு வருகிறது என்றால் வீட்டுக்காரர் எதைச் செய்வார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் பிறந்து வளர்ந்தவன் வெளியே போய் வாடகைக்கு இருக்க, அவன் தெருவில் ராத்திரி எல்லாம் வெளியூர் ஆட்கள் மட்டும் என்றால் அது ஊராக எத்தனை நாள் இருக்கும்?

எனக்கு இன்னும் பெரிய கவலை சிற்பக்கூடங்கள். 1957இல் இங்கே சிற்பக் கல்லூரி தொடங்கினார்கள், 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சின்ன வயதில் மாமா வீட்டில் கண் விழிப்பதே உளிச் சத்தத்தில்தான். இப்போது மெஷின் வைத்துக் கல் அறுப்பதால் சத்தமும் தூசியும் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் பட்டறைக்குப் பக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்த பிறகு, பட்டறையைத் தள்ளிப் போகச் சொல்லும் பேச்சை மாமா வீட்டுத் திண்ணையிலேயே கேட்டேன். வயிறு எரிந்தது. மனைப் பிரிவுக்கு இடம் ஒதுக்க முடிகிறது, சிற்பிகளுக்கு என்று தண்ணீரும் மின்சாரமும் உள்ள ஓர் இடத்தை ஊரை ஒட்டியே ஒதுக்க முடியாதா?

இன்னொன்று, வெளியூர் வண்டிகளைப் பூஞ்சேரியிலேயே நிறுத்திவிட்டு அங்கிருந்து மினி பஸ் விடலாம். தூரம் ஒன்றும் பெரிதில்லை. 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் வந்தபோது சில நாளில் ஊரே பளிச்சென்று ஆனது. தள்ளுவண்டிக்காரர்கள் பிழைப்பு போய் நின்றதும் அப்போதுதான். சுத்தம் வேண்டும், அவர்களும் வேண்டும்.

மாமா மகன் இப்போது பூஞ்சேரிப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறான். தினமும் ராத்திரி ஸ்கூட்டரில் மனைவியோடு வந்து அத்தை கையால் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் அவர்கள் வந்து சேர ஒன்பதரை ஆகிவிட்டது. அத்தை அதுவரை சாப்பிடாமல் காத்திருந்தார்.