பின் சீட்டுக்கு அடியில் இருந்த பிரச்சினை

மூன்று வாரமாக எங்கள் கொரோலா கார் ஒரே மாதிரிதான் தொல்லை கொடுத்தது. காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும், சாட்ஸ்வொர்த்திலிருந்து உம்கேனி ரோடு கோயில் வரைக்கும் ஒழுங்காகப் போகும், திரும்பும்போது வெயிலில் ஏதாவது ஒரு ரோபாட்டில் (டர்பனில் சிக்னலை அப்படித்தான் சொல்வோம்) நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். ஒரு கராஜில் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் எல்லாம் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். திரும்பவும் நின்றது.

சூடானால் படுப்பதும் ஆறினால் எழுவதும் தேய்ந்த பெட்ரோல் பம்பின் குணம். ஆனால் கிராங்க் சென்சார் (எஞ்சின் சுற்றுவதைக் கவனிக்கும் சென்சார்) போனாலும் வண்டி இப்படித்தான் நிற்கும், அதனால் சந்தேகத்தை மட்டும் நம்பிப் பம்ப் வாங்கிவிடாதீர்கள். அடுத்த முறை நின்றபோது மகனைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டுப் பின் சீட்டில் காதை வைத்தேன்; அதற்கு அடியில் இருக்கும் டேங்கில்தான் பம்ப் இருக்கிறது. வழக்கமான 'உய்ங்' சத்தம் இல்லை. பம்புக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயை எடுத்துவிட்டு, ஃபியூஸ் பெட்டியில் இருந்த அதே மாதிரி இன்னொன்றை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் இல்லை. சீட்டைத் தூக்கி, பம்புக்குப் போகும் ஒயர் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்து "இப்ப திருப்புடா" என்றேன். 10.8 வோல்ட். கரண்ட் வருகிறது, பம்ப் சுற்றவில்லை. இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

சனிக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தோம். முந்தின ராத்திரியே லோட்ஷெடிங்கில் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) டார்ச் பிடித்துக்கொண்டு செய்யலாமா என்று மகன் கேட்டான், கூடவே கூடாது என்றேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும், எங்கோ ஒரு பொறி போதும். முற்றத்தில், நான்கு கதவையும் திறந்து வைத்து, ஆறின எஞ்சினை ஓடவிட்டு பம்ப் ஃபியூஸைப் பிடுங்கினேன். லைனில் இருந்த அழுத்தம் தீர்ந்து எஞ்சின் தானே நின்றது. அப்புறம் பேட்டரியின் நெகடிவ்வைக் கழற்றினேன்.

சீட்டுக்கு அடியில் இருக்கும் மூடியைக் கறுப்புப் பசை பிடித்துக்கொண்டிருக்கும், மெதுவாக நெம்ப வேண்டும். அதைச் சுற்றி வருடக்கணக்கான மண். டேங்கைத் திறக்கும் முன் அதை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அவ்வளவும் உள்ளே விழும். வெளியே வந்த பம்பின் அடியில் இருந்த வடிகட்டி வலை காப்பித் துணி மாதிரி பழுப்பேறிக் கிடந்தது, விரலில் தேய்த்தால் நறநறவென்றது. பம்பைக் குளிரவைப்பதே அதைச் சுற்றி ஓடும் பெட்ரோல்தான். மாதக் கடைசியில் சிவப்பு லைட் எரிய எரிய நாங்கள் ஓட்டியது அதற்கு நல்லதல்ல. இப்போது கால் டேங்குக்குக் கீழே விடுவதில்லை.

பம்போடு வலையையும், டேங்கின் வாயை அடைக்கும் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போட்டேன். பழைய வளையம் ஊறிப் பெருத்திருக்கும், திரும்ப உட்காராது. பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்த பிரஷர் கேஜில் பெட்ரோல் அழுத்தம் 3.2 பார் காட்டியது, சரியான அளவு.

மறுநாள் பின் சீட்டில் ஏறிய அம்மா, "இன்னும் பெட்ரோல் வாசம் அடிக்குதுப்பா" என்றார். உடனே அவரை இறக்கி, சீட்டைத் தூக்கி, வளையத்தைச் சுற்றி வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. வாசம் சீட் துணியில் சொட்டியதிலிருந்துதான். சீட்டைக் கழற்றி வெயிலில் போட்டுவிட்டு, அன்று கோயிலுக்கு அண்ணனின் பக்கியில் (பிக்கப் வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) போனோம்.