ஹுட்டு என்றால் யாருக்கு யார்?

பாம்பனிலும் தொண்டியிலும் படகு வைத்திருப்பவர் சம்மாட்டி. ஆள்கள் அவரிடம் தொழிலுக்குப் போகிறார்கள். அதே சம்மாட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால், மீன்பாட்டை அந்த வியாபாரிக்கே போட வேண்டும்; விலையும் அவர் வைப்பதுதான். படகில் மேலானவர், ஏலக் கரையில் கட்டுப்பட்டவர்.

ஹுட்டு என்ற பெயரை இந்த வழியில் போனால்தான் பிடிக்க முடியும். ஆப்பிரிக்காவின் ருவாண்டா, புருண்டி நாடுகளில் ஹுட்டு, டுட்சி என்று இரு பெரும் பிரிவினர் உண்டு. பழைய வழக்கில் ஹுட்டு என்பது இன்னொருவருக்குக் கீழிருப்பவரைக் குறித்தது. புருண்டியில் ஒரு டுட்சிகூடத் தனக்கு மேலான தலைவர் முன்னால் ஹுட்டு எனப்பட்டதுண்டு. ஆகவே 'ஹுட்டு என்றால் உழவர், டுட்சி என்றால் ஆயர்' என்று எழுதிவிடுவது பாதிதான் சரி. மாடில்லாத டுட்சியும் இருந்தார், மாடு வைத்திருந்த ஹுட்டுவும் இருந்தார். இருவர் பேச்சும் ஒன்றே.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் தெளியும். நமக்கு மீனவன், மீனவர் என்று வால் மாறுகிறது. கிண்யருவாண்டா மொழியில் தலை மாறும். ஒருவர் உமுஹுட்டு, பலர் அபஹுட்டு, அந்த நிலை உபுஹுட்டு. பழைய நூல்களில் வரும் 'பாஹுட்டு' அந்தப் பன்மையேதான்; அதற்கு மேல் 'க்கள்' சேர்த்தால் இரட்டைப் பன்மை ஆகிவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமான வடிவம் 'க்விஹுட்டுரா'. முன்னால் உள்ள 'க்வி' தன்னையே குறிக்கும். கடைசி 'உரா', போட்ட முடிச்சை அவிழ்ப்பது போலச் செயலைத் திருப்பும் விகுதி. ஹுட்டு நிலையைத் தன்மேலிருந்து கழற்றுவது என்று பொருள். மாடு பெருகி, பெரிய இடத்தில் சம்பந்தம் கூடி, ஒரு குடும்பம் காலப்போக்கில் டுட்சியாக எண்ணப்படலாம். வாய்த்தவர்கள் சிலரே. ஆனால் கழற்றுவதற்கு ஒரு வினைச்சொல் இருந்தது என்பதே பெரிய சாட்சி.

அந்த வழியை அடைத்தது வெள்ளைக்காரர் மட்டும் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆண்ட ருவாபுகிரி மன்னர் காலத்தில் 'உபுரெட்வா' என்ற கட்டாய உழைப்பு ஹுட்டு உழவர்மேல் விழுந்தது. டுட்சிகளுக்கு அது இல்லை. பெயர் அப்போதே இறுகத் தொடங்கிவிட்டது.

1930களில் பெல்ஜிய ஆட்சி அடையாள அட்டை கொடுத்தது. அதில் 'உப்வோகோ' என்று ஒரு வரி. அந்தச் சொல்லுக்குக் குலம் என்றும் பொருள் உண்டு. சிங்கா, சிகாபா போன்ற குலங்களில் ஹுட்டு, டுட்சி, மூன்றாவது சிறு பிரிவான ட்வா ஆகிய மூவரும் இருப்பார்கள். அட்டையிலோ குலத்தை விட்டுவிட்டு, இந்த மூன்றில் ஒன்றை எழுதினார்கள். அது தகப்பன் வழியாகப் பிள்ளைக்கு இறங்கியது. தங்கச்சிமடத்தில் ஒருவர் அட்டையில் 'சம்மாட்டி' என்று அச்சடித்து, படகு விற்றுப்போன பிறகும் பேரன்வரை அதையே எழுதுவதாக நினைத்துப் பாருங்கள். கழற்ற இனி வழி ஏது?

1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையில், ஹுட்டு தீவிரவாதிகள் சாலைத் தடுப்புகளில் அந்த ஒரு வரியைப் பார்த்தே உயிரை எடுத்தார்கள். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட டுட்சிகள் கொல்லப்பட்டார்கள். கொலைக்கு உடன்படாத ஹுட்டுகளும் மாண்டார்கள். இப்போது ருவாண்டா அட்டையில் அந்த வரி கிடையாது.

தமிழில் எழுதுகிறவர்கள் காலத்தைச் சேர்த்து எழுதுங்கள். அட்டைக்கு முந்திய ஹுட்டு வேறு, பிந்திய ஹுட்டு வேறு.