அக்காவோட கத்தரிக்கோலும் சிங்கப்பூர் வழியும்

ரங்கூன்ல போன வாரம் பாமாயிலுக்கு க்யூல நின்னேன், ஒரு வீசை (சுமார் 1.6 கிலோ) வாங்க ரெண்டு மணி நேரம். எனக்கு முன்னாடி நின்ன பெரியம்மா காலி பாட்டில நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, "நம்ம ராணுவ ஆட்சி மேல வெளிநாட்டுக்காரன் தடை போட்டா யாருக்கு தம்பி வலிக்குது, ஆட்சிக்காரங்களுக்கா நமக்கா"ன்னு கேட்டாங்க. அங்க நின்னு பதில் பேச பயம், அதான் இங்க எழுதுறேன்.

எங்க அக்கா 2003ல ரங்கூன் பக்கம் லைங்தாயால ஒரு கார்மெண்ட்ஸ்ல சட்டைக்கு காலர் தைச்சுட்டு இருந்தா. அந்த ஜூலைல பர்மா சரக்கு எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு அமெரிக்கா சட்டம் போட்டுச்சு, ஆர்டர் நின்னுச்சு, கம்பெனிய மூடிட்டாங்க, கடைசி மாச சம்பளம் கூட தரல, கத்தரிக்கோல மட்டும் எடுத்துட்டு வந்தா, இன்னும் அது எங்க வீட்லதான் இருக்கு. அப்போ ஆட்சில இருந்த ராணுவ ஜெனரலுங்களுக்கு என்ன ஆச்சு? தாய்லாந்துக்கு கேஸ் வித்து டாலர் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தாங்க.

அதுக்காக தடையே வேஸ்ட்டுன்னு நான் சொல்ல மாட்டேன். 2021 பிப்ரவரில ராணுவம் மறுபடி ஆட்சிய புடிச்சதுல இருந்து குறைஞ்சது 100 கோடி டாலருக்கு ஆயுதமும் அது சம்பந்தப்பட்ட சாமானும் வந்திருக்குன்னு பர்மா மனித உரிமைய கவனிச்ச ஐநா அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாசம் கணக்கு காட்டினார், அதுல 25 கோடிக்கு மேல சிங்கப்பூர் கம்பெனிங்க வழியா. சிங்கப்பூர் அரசாங்கம் விசாரிக்க ஆரம்பிச்சுச்சு, அடுத்த வருஷ அறிக்கைல அந்த வழி வருஷத்துக்கு 11 கோடி டாலர்ல இருந்து 1 கோடிக்கு விழுந்துருச்சு! யாரோட தையல் வேலையும் போகல, யார் வீட்டு அடுப்பும் அணையல. படிச்சப்போ கண்ணு கலங்கிருச்சு.

ஆனா அதே அறிக்கைல தாய்லாந்து வழி ரெண்டு மடங்கா ஏறியிருக்கு. 2023 ஜூன்ல அமெரிக்கா ரெண்டு பர்மா அரசு பேங்குக்கு தடை போட்டுச்சு, ராணுவத்துக்காரங்க இன்னொரு அரசு பேங்குக்கு மாறிக்கிட்டாங்க. ஒரு ஓட்டைய அடைச்சா அடுத்த ஓட்டைக்கும் உடனே ஆள் போகணும், வருஷக்கணக்கா யோசிச்சுட்டு இருந்தா எப்படி? முக்கியமா விமான எரிபொருள் வர்ற ஓட்டை. 2023 ஏப்ரல்ல சகாய்ங் பகுதில பாசிஜி கிராமத்துல குண்டு போட்டு 150 பேருக்கு மேல கொன்னாங்களே, அந்த விமானமும் எரிபொருள்லதான பறந்துச்சு.

பெரியம்மா, எண்ணெய் விலைக்கு தடைய மட்டும் சொல்லாதீங்க. வெளிநாட்டு எண்ணெய டாலர்லதான வாங்கணும், 2022ல டாலருக்கு 2,100 கியாட்னு (நம்ம ஊர் பணம்) ராணுவ ஆட்சியே கட்டி வச்சுச்சு, 2024ல வெளி மார்க்கெட்ல 4,000 தாண்டிருச்சு, பினாங்குல இருந்து என் தம்பி பணம் அனுப்புறதும் பேங்க் இல்லாம ஆள் வழியா, உண்டியல்லதான். நீங்க கேட்டது சரிதான், 2003ல போட்ட தடை நமக்குத்தான் வலிச்சுச்சு. சிங்கப்பூர்ல அடைச்சது அவங்களுக்கு வலிச்சிருக்கு.