ஏஃபிப் உள்ளவருக்குத் தலைசுற்றும்போது: அந்த நிமிடத்தின் நாடியும் பிரஷரும்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (சுருக்கமாக ஏஃபிப், இதயம் தாளம் தப்பித் துடிக்கும் கோளாறு) உள்ள ஒருவர் "தலை சுத்துது" என்றால் அதற்குக் காரணம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நாடி மிக வேகமாக ஓடினாலும் சுற்றும்; மாத்திரை அதிகமாகி நாடி மந்தமானாலும் சுற்றும். முதலாவதற்கு மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கும், இரண்டாவதற்குக் குறைக்க வேண்டியிருக்கும். படுத்திருப்பவரைப் பார்த்து இது எது என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் தலைசுற்றும் அந்த நிமிடத்தில் எடுத்த நாடிக் கணக்கும் பிரஷரும், பத்து நாள் கழித்து எல்லாம் அடங்கிய பிறகு எடுக்கும் ஈசிஜியைவிடப் பல நேரங்களில் அதிகம் சொல்லும்.

முதலில் வேகம். ஏஃபிப்பில் இதயத்தின் மேலறைகள் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறாகத் துடிக்கின்றன. மேலறைத் துடிப்பைக் கீழறைக்குக் கடத்தும், நடுவில் இருக்கும் ஏவி முடிச்சு அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிட்டாலும், மருந்து இல்லாதபோது கீழறைகள் 110 முதல் 160 வரை ஓடுவது சாதாரணம். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில்தான் கீழறை நிரம்ப வேண்டும். இடைவெளி குறைந்தால் அரைகுறையாக நிரம்பும், வெளியே தள்ளும் ரத்தமும் குறையும். போதாததற்கு, மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கிக் கடைசியில் தள்ளிவிடும் பங்கும் ஏஃபிப்பில் இல்லாமல் போகிறது. கீழறை நிரம்புவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அது. பல ஆண்டுகளாக ரத்தக் கொதிப்பு இருந்து இதயச் சுவர் தடித்துப்போனவர்களுக்கு இந்த இழப்பு மிகவும் உறைக்கும். அவர்களுக்கு வேகம் அவ்வளவாக இல்லாதபோதும் தலை லேசாகிப் போவதற்கு இதுவே காரணம்.

இதைவிட ஆபத்தானது, வேகம் நின்ற பிறகு வரும் சுற்றல். வந்து வந்து போகும் வகை ஏஃபிப் உள்ளவர்களிடம் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்: படபடப்பு இருக்கும்போது சுற்றுகிறதா, அடங்கிய அந்த நொடியில் சுற்றுகிறதா? ஏஃபிப் தானாக நிற்கும்போது இதயத்தின் இயல்பான தாள முடிச்சு உடனே வேலையைக் கையில் எடுக்க வேண்டும். வயதாலோ தழும்பாலோ அந்த முடிச்சு சோர்ந்திருந்தால் சில விநாடிகள் துடிப்பே வராது. மூன்று விநாடி நின்றாலே சிலருக்குக் கண் இருட்டும். ஆறேழு விநாடி என்றால் நினைவு தப்பி விழலாம். இவர்களுக்குச் சிக்கலே இரட்டை: வேகத்துக்கு மாத்திரை கொடுத்தால் இடைநிறுத்தம் நீளும், கொடுக்காவிட்டால் வேகம் அடங்காது. பேஸ்மேக்கர் வைத்துவிட்டு மாத்திரையைத் தொடர்வது ஒரு வழி. ஏஃபிப் வராமலே தடுக்க அப்லேஷன் (தாளத்தைக் கெடுக்கும் இதயத் திசுவைச் செயலிழக்க வைக்கும் சிகிச்சை) செய்வது இன்னொரு வழி. "படபடன்னு அடிச்சு, திடீர்னு நின்னுச்சு, அப்பதான் கண்ணை இருட்டிச்சு" என்று வரிசையாகச் சொன்னாலே டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

மந்தமான நாடிக்குப் பெரும்பாலும் மருந்துதான் காரணம். மெட்டோப்ரொலால், பைசோப்ரொலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள், டில்டியாசெம், வெரபமில், டிகாக்சின் எல்லாமே ஏவி முடிச்சை அடக்குபவை. இவற்றில் இரண்டைச் சேர்த்துக் கொடுக்கும்போது, அதுவும் பீட்டா பிளாக்கரோடு வெரபமிலோ டில்டியாசெமோ சேரும்போது, நாடி மிகவும் இறங்கிவிடலாம். டிகாக்சினைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. வயிற்றுப்போக்கிலோ காய்ச்சலிலோ உடம்பில் நீர் வற்றினால் அதே பழைய அளவே உடம்பில் தேங்கிவிடும். அமியோடரோன், வெரபமில், கிளாரித்ரோமைசின் ஆகியவையும் அதன் அளவை ஏற்றிவிடும். தலைசுற்றலோடு குமட்டல், பசியின்மை, பார்வையில் மஞ்சள் சாயல் இருந்தால் டிகாக்சின் அளவை ரத்தத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நாடி மந்தம் என்று தெரிந்தாலும் பீட்டா பிளாக்கரை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் வேகம் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரலாம். அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

எழுந்து நின்றவுடன் சுற்றினால் சந்தேகம் பிரஷர் மீதுதான். ஐந்து நிமிடம் படுத்திருந்து பிரஷர் எடுங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை எடுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். மேல் பிரஷர் 20 அல்லது கீழ் பிரஷர் 10 இறங்கினால், நிற்கும்போது பிரஷர் இறங்குகிறது என்று பொருள். நீர் மாத்திரை, பிராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், பிரஷர் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரே காலை வேளையில் போடுபவர்களுக்கு இது அதிகம். எதை எந்த வேளைக்கு மாற்றலாம் என்று டாக்டரிடம் கேட்டாலே சிலருக்குச் சுற்றல் குறைந்துவிடும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அபிக்ஸபான், ரிவரோக்ஸபான், டாபிகட்ரான் போன்றவற்றில் ஏதாவது ஒன்றை எடுப்பவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். வயிற்றிலோ குடலிலோ மெல்லக் கசியும் ரத்தம் முதலில் சோர்வாகவும் தலைசுற்றலாகவும்தான் வெளியே தெரியும். ரத்தம் குறையக் குறைய நாடி வேகமெடுக்கும். அதைப் பார்த்து "ஏஃபிப் கூடிவிட்டது" என்று நினைத்து மாத்திரையைக் கூட்டுவது நடக்கக்கூடிய தவறு. மலம் தார் போல் கறுத்துப் போகிறதா என்று பாருங்கள். கறுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆனால் இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால் ஹீமோகுளோபின் பார்த்தால்தான் தெளிவாகும்.

திடீரென்று உலகமே சுழல்வது போல் வந்து, கூடவே பேச்சு குழறல், இரட்டையாகத் தெரிதல், முகம் கோணல், கை கால் பலவீனம், பிடித்துக்கொள்ளாமல் நிற்கவே முடியாத தள்ளாட்டம் என ஏதாவது ஒன்று இருந்தால், நாடியை எண்ணிக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். ஏஃபிப்பில் இடது மேலறையில் உறையும் ரத்தக் கட்டி மூளைக்குப் போகலாம். அது மூளையின் பின்பகுதிக்குப் போனால் முகம் கோணாமல், கை தொங்காமல், வெறும் சுற்றலும் தள்ளாட்டமுமாகவே பக்கவாதம் வரக்கூடும். வழக்கமான பக்கவாத அடையாளங்களை மட்டும் தேடுபவர்கள் இதைத் தவறவிடுவார்கள். இரண்டு நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அவர் கடைசியாக நலமாக இருந்த நேரம், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைக் கடைசியாக எடுத்த நேரம். உறைந்த கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா கூடாதா என்பதை முடிவு செய்ய இந்த இரண்டும் தேவை.

எல்லாச் சுற்றலும் இதயத்தால் வருவதில்லை. படுக்கையில் புரளும்போதும் தலையை அண்ணாந்து பார்க்கும்போதும் மட்டும் சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் அது பெரும்பாலும் உள்காதில் சின்னஞ்சிறு துகள்கள் இடம் மாறியதால் வருவது. தலையைக் குறிப்பிட்ட நிலைகளில் சாய்த்துத் திருப்பும் பயிற்சியிலேயே சரியாகும். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் சர்க்கரை அளவையும் பார்த்துவிட வேண்டும். கடையில் கேட்டு வாங்கிய தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் போடுவதை நான் கடுமையாகவே எதிர்ப்பேன். புரோக்ளோர்பெரசின் பிரஷரை இறக்கும். சின்னாரிசினை நீண்டகாலம் எடுக்கும் முதியவர்களுக்குக் கை நடுக்கமும் நடையில் இறுக்கமும் வரலாம். அதற்குள் உண்மையான காரணம் மறைந்தே கிடக்கும்.

இனி அளக்கும் முறை. ஏஃபிப்பில் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு தப்பும். துடிப்பு சீராக இல்லை என்பதால் முழுதாக 60 விநாடி எண்ண வேண்டும். மணிக்கட்டில் எண்ணுவதிலும் ஒரு குறை உண்டு. அரைகுறையாக நிரம்பிய துடிப்புகள் கைவரை எட்டாது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் கைக்கு வந்த துடிப்பைத்தான் எண்ணும். அதில் 85 என்று காட்டும்போது இதயம் 120 அடித்துக்கொண்டிருக்கலாம். ஸ்டெதாஸ்கோப்பை இடது மார்பில் வைத்து எண்ணினாலோ, வாட்ச் அல்லது சிறு கருவியில் 30 விநாடி ஈசிஜி எடுத்தாலோ சரியான வேகம் தெரியும். டிஜிட்டல் பிபி கருவியும் ஏஃபிப்பில் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு எண்ணைக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை எடுத்துச் சராசரியை எழுதுங்கள். நேரம், நின்றீர்களா படுத்திருந்தீர்களா, எந்த மாத்திரை எப்போது போட்டது, எத்தனை விநாடி நீடித்தது, இவ்வளவு போதும். சுற்றல் தினமும் வருகிறது என்றால் 24 மணி நேரம் உடம்பில் மாட்டி ஈசிஜியைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவி பிடித்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை என்றால் இரண்டு வாரம் மார்பில் ஒட்டி ஈசிஜியைப் பதியும் பட்டை கேளுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து ஆளைச் சாய்க்கிறது என்றால், தோலுக்கு அடியில் வைக்கும் சிறு பதிவுக் கருவிதான் சரி. அதற்கு ஹோல்டர் போட்டு "ஒன்றும் இல்லை" என்று வந்தால் அதை நம்பி நிம்மதியடைய வேண்டாம்.

சுற்றும்போது முதல் வேலை விழாமல் இருப்பது. நின்ற இடத்திலேயே உட்காருங்கள், முடிந்தால் படுத்துக் காலை உயர்த்துங்கள். உட்கார வழியில்லை என்றால் கால்களைக் குறுக்கே பின்னித் தொடையையும் பிட்டத்தையும் இறுக்கி, கைகளை மடக்கி அழுத்துங்கள். பிரஷர் கொஞ்சம் ஏறும், உட்கார இடம் தேட அவகாசம் கிடைக்கும். இரவில் எழும்போது கட்டிலின் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து கணுக்காலை ஆட்டிவிட்டு நில்லுங்கள். ஆண்கள் இரவில் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது. குளியலறைக் கதவை உள்ளே தாழிடாதீர்கள். ஓய்வில் இருக்கும்போதே நாடி 120-க்கு மேல் நீடித்தால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயங்கி விழுதல், மேல் பிரஷர் 90-க்குக் கீழ் இறங்கிக் கண் இருட்டுதல் என்றால் நேராக அவசரப் பிரிவுக்குத்தான்.

விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு விழுவதால் வரும் ஆபத்தைவிட நிறுத்துவதால் வரும் பக்கவாத ஆபத்துதான் பெரிது. ஆனால் அந்த மாத்திரையில் இருப்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிட்டாலும், அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் எந்த மாத்திரை எடுக்கிறார் என்பதை முதலில் சொல்லி, தலைக்கு சிடி ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். மண்டைக்குள் கசிவு தெரியவரச் சில மணி நேரமோ சில நாட்களோ ஆகலாம். அதனால் வீடு திரும்பிய பிறகும் தலைவலி கூடினாலோ, வாந்தி வந்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ மறுபடியும் கூட்டிப் போங்கள்.