நால்வருக்கு ‘லா ஃபோலியா’: இதுவரை வந்த தூரம்

இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியின் ஐந்தாம் ஓபஸ் (எண்ணிட்ட வெளியீடு) 1700-இல் ரோமில் வெளிவந்தது. பன்னிரண்டு வயலின் சொனாட்டாக்களில் கடைசியாக வருவது ‘லா ஃபோலியா’: ஒரே தாழ்ந்த அடிப்படை வரியின் (பேஸ்) மேல் மெட்டை மாற்றி மாற்றி வாசிக்கும் வேரியேஷன்களின் தொடர். அதை இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோவுக்காக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

மூலத்தில் இரண்டே வரிகள்தான்: மேலே வயலின், கீழே பேஸ். பேஸ் சுரங்களோடு சில எண்கள் இருக்கும். அவற்றைப் பார்த்து ஹார்ப்சிகார்ட் (பழைய விசைப்பலகை வாத்தியம்) வாசிப்பவர் கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகளை, அந்த இடத்திலேயே கட்டிக்கொள்வார். எங்கள் குழுவில் ஹார்ப்சிகார்ட் இல்லை. அந்த நடு இடத்தை இரண்டாம் வயலினும் வயோலாவும் எவ்வளவு நிரப்ப வேண்டும்? வேலையே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

முழு கார்டுகளோடு ஒரு வடிவம், மெலிதாக ஒரு வடிவம் என இரண்டையும் வாசித்துப் பார்த்தோம். மெலிந்ததுதான் கேட்க நன்றாக இருந்தது. மூலப் பதிப்பின் முதல் பக்கத்தில் துணைக்கு ‘வயலோன் அல்லது ஹார்ப்சிகார்ட்’ என்றே போட்டிருக்கிறது. வயலோன் என்பது தாழ்ந்த குரல் கொண்ட தந்தி வாத்தியம். அதாவது ஒற்றைப் பேஸ் வரி தனியாக நின்றாலும் போதும் என்று அச்சிலேயே இருக்கிறது. அந்தத் தைரியத்தில் சில வேரியேஷன்களில் வயோலாவைச் சும்மா இருக்க விட்டேன்.

இந்தப் பாட்டின் டி மைனர் (டி சுரத்தை ஆதாரமாகக் கொண்ட சுர அமைப்பு) தந்தி வாத்தியங்களுக்குப் பெரிய கொடை. பாட்டின் அடிப்படை பேஸ் டி, ஏ, டி, சி, எஃப், சி, டி, ஏ என்று நடக்கும். வயோலா, செல்லோ இரண்டின் தந்திகளும் சி, ஜி, டி, ஏ. ஆக, எஃப் தவிர மற்ற மூன்று சுரங்களுக்கும் அதே பெயரில் தந்தி உண்டு. தொடாமலே கூடச் சேர்ந்து அதிரும். எஃப் கார்டு மட்டும் கொஞ்சம் மங்கலாகக் கேட்டது. அதில் வரும் ஏ சுரத்தை இரண்டாம் வயலினின் விரல் வைக்காத வெறும் தந்தியில் வைத்ததும் அதுவும் தெளிந்துவிட்டது. இதைக் கண்டுபிடித்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

வயலின் வேகமாக ஓடி முடித்ததும் அதே ஓட்டத்தை பேஸ் வாங்கிக்கொள்ளும் இடங்கள் உண்டு. அப்படி ஒன்றை வயோலாவுக்கு ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிக் கொடுத்தேன். செல்லோ வில்லைத் தொடாமல், அடிப்படைச் சுரங்களை மட்டும் விரலால் மீட்டும். எங்கள் வயோலாக்காரருக்கு இதுதான் இப்போது ரொம்பப் பிடித்த பக்கம்.

ஒரே நேரத்தில் இரு தந்திகளை வாசிக்கும் இடங்களை இரண்டு வயலின்களுக்கும் பிரிப்பது சுலபம். ஆனால் ஒருவரே இழுக்கும்போது வரும் இறுக்கம் இருவரிடம் வருவதில்லை. அதனால் நடுவில் மட்டும் பிரித்தேன், முடிவில் முதல் வயலினிடமே விட்டுவிட்டேன்.

கொரெல்லியிடம் பயின்ற ஜெமினியானி இதையே பெரிய தந்திக் குழுவுக்கான கான்சர்ட்டோவாக விரித்திருக்கிறார். அப்புறம் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன், முக்கியமாக மெதுவான அடாஜியோ பகுதிகளுக்காக. அங்கே வயோலாவுக்கு வெறும் நீண்ட சுரங்கள் போதாது, பாடும்படி ஒரு வரி வேண்டும். வில் குறிகளை அதற்குப் பிறகுதான் போடுவேன்.