எழுபது படியும் ஒரு லென்ஸும்

அம்மாவுக்கு வலது கண்ணில் கற்றராக், அதாவது கண்புரை, முற்றிவிட்டது. அரிசியில் கல் பொறுக்குவதை அவர் எப்போதோ விட்டுவிட்டார், ஆனால் மாசியில் லயத்துப் படியில் ஒன்றைத் தவறவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஹட்டனில் பஸ் ஏறி கண்டிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே, புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வகைகள் என்று ஒரு தாளை நீட்டினார்கள். மொனோஃபோகல், டோரிக், மல்டிஃபோகல். கீழே போகப் போக விலை ஏறுகிறது. முப்பது வருஷம் கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தவருக்கு மலிவானதையா வைப்பது என்ற ரோஷத்தில் கடைசி வரியில் விரலை வைத்தேன்.

டொக்டர் தாளைப் பார்க்கவே இல்லை. "அம்மா, ஒரு நாளைக்கு என்னென்ன செய்வீங்க?" என்று உடைந்த தமிழில் கேட்டார்.

"என்னாத்த செய்யிறது டொக்டரம்மா, கோழிக்குத் தீனி போடுவேன், சமைப்பேன், அப்புறம் ரோட்டுக்கு எழுபது படி எறங்கி ஏறணும்."

மல்டிஃபோகல் உள்ளே வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பிரித்துக் கொடுக்கிறது, அதனால் மங்கலான இடத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துப் பார்க்கும் தெளிவு குறையும், ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். நாலு மணிக்கே பனிமூட்டம் இறங்குகிற எங்கள் பக்கத்தில் அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போதாததற்கு சீனி வியாதி அம்மாவின் விழித்திரையையும் கொஞ்சம் தொட்டிருக்கிறது, அப்படிப்பட்ட கண்ணுக்கு இதைப் பொதுவாக வைக்க மாட்டார்களாம். சரி, அது போயிற்று. டோரிக் கருவிழியின் வளைவு கோணலாக இருப்பவர்களுக்கு. அம்மாவுக்குத் தேவையில்லை.

மிச்சம் மொனோஃபோகல், ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு தருவது. ஆனால் அதிலும் தூரத்துக்கா கிட்டத்துக்கா என்று ஒன்று இருப்பது தாளில் இல்லை! அரிசியை நினைத்து நான் கிட்டத்துக்கு என்றேன். டொக்டர் படியை நினைத்தார். கிட்டத்துக்கு வைத்தால் நடமாட எந்நேரமும் கண்ணாடி வேண்டும்; இரண்டு பார்வைக் கண்ணாடி என்றால் குனிந்து படியைப் பார்க்கையில் கீழே இருக்கிற வாசிக்கும் பகுதி வழியாகத்தான் பார்வை போகும், படி கலங்கித் தெரியும். வயசானவர்கள் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். தூரத்துக்கு வைத்தால் வெறுங்கண்ணோடு இறங்கலாம், அரிசிக்கு மட்டும் ஒரு கண்ணாடி போதும்.

லென்ஸின் பவருக்காகக் கண்ணை அளவெடுக்க ஒரு மணி நேரம் ஆனதில் நான் முணுமுணுத்தேன். புரை தடித்துப் போனதால் ஒளியால் அளக்கும் மெஷினுக்கு எட்டவில்லை, அல்ட்ராசவுண்டால் திரும்பத் திரும்ப அளந்தார்கள். கண்ணின் நீளம் சராசரியாக 23, 24 மில்லிமீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் பிசகினால் பவர் இரண்டரை, மூன்று தப்பிவிடுமாம். 1949இல் லண்டனில் ஹெரல்ட் ரிட்லி என்ற கண் டொக்டர் முதன்முதலாகக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தபோது பிசகியதும் பவர்தான், அந்த நோயாளி பெரிய கிட்டப்பார்வையோடுதான் எழுந்தார். போர் விமானத்தின் பிளாஸ்டிக் சில்லு விமானிகளின் கண்ணுக்குள் கெடுதல் செய்யாமல் கிடந்ததைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. என்ன மூளை!

ஆபரேஷன் முடிந்து இப்போது மூன்று வாரம். படியில் என் கையைத் தட்டிவிடுகிறார். இடது கண்ணுக்கு ஐப்பசியில் திகதி. அதுவரை ஒரு கண்ணைப் பொத்தினால் சுவர் வெள்ளை, மறு கண்ணைப் பொத்தினால் மஞ்சள், பெயின்ட் அடித்தவன் ஏமாற்றிவிட்டான் என்று தினமும் திட்டு.